வெள்ளை, வட்டம், நடுவிலே கோடு

"அதே மருந்துதான், பெட்டி மட்டும் வேறை"
என்றாள் பீல் நகரத்து மருந்துக்கடைப் பெட்டை.
தலையாட்டினேன்.
இந்த நாட்டில் முப்பத்தொரு வருடமாய்
நான் பிழையில்லாமல் பேசும் மொழி அது.

நீலப் பெட்டியில் வந்த என் பிரஷர்க் குளிசை
அன்றிலிருந்து
வெள்ளை, வட்டம், நடுவிலே கோடு.
அவருடைய சீனி வருத்தக் குளிசையும்
வெள்ளை, வட்டம், நடுவிலே கோடு.
இரண்டும் குளிர்ப்பெட்டிக்கு மேலே
ஒரே பிஸ்கட் டின்னுக்குள்
நாற்பத்துநாலு வருடச் சோடிபோல
ஒன்றையொன்று பாராமல் கிடந்தன.

செவ்வாய் இரவு நான் லைட் போடவில்லை,
அவர் எழும்பிவிடுவார் என்று.
அந்தக் கரிசனைதான் பிழைத்தது.

விழுங்கியாயிற்று.
கோப்பையை வைக்கப்போன கை
என் தகட்டைத் தடவியது.
இன்றோடு ஏழு போயிருக்க வேண்டும்.
ஏழாவது குழி
இன்னும் புடைத்துக்கொண்டிருந்தது.

மகனுக்கு அடிக்கவில்லை.
சூரிச்சில் விடியப்புறம் வேலைக்குப் போகிறவன்,
"ஏன் அம்மா லைட் போடேல்லை?"
என்றுதான் முதலில் கேட்பான்.
குளிர்ப்பெட்டிக் கதவில், பீட்சாக் கடை நம்பருக்குக் கீழே
நஞ்சுக்கென்று ஒரு நம்பர், 145.
யார் ஒட்டினார்களோ.

ஒரு பெண்குரல். அவசரமே இல்லை அதில்.
என்ன குளிசை, எத்தனை, எத்தனை மணிக்கு?
பெயரை வாசிக்க வரவில்லை.
கண்ணாடியைத் தேடி எடுத்து
எழுத்தெழுத்தாய்ச் சொல்லி முடிக்க
முதுகெல்லாம் வியர்வை.
நிறை எவ்வளவு என்றாள்.
என் தாலிக்கொடிக்குப் பிறகு
இந்த வீட்டில் எதற்கும் யாரும் நிறை கேட்டதில்லை.
உங்களுக்குச் சீனி வருத்தம் உண்டா? இல்லை.
தனியாகவா இருக்கிறீர்கள்?
அதற்குத்தான் கொஞ்சம் யோசித்தேன்.
பிறகு அவரை எழுப்பினேன்.

மேட்டிலிருக்கும் ஆஸ்பத்திரி. அதன் லாண்டரியில்
பத்தொன்பது வருடம் நின்றவள் நான்.
இரத்தம், கறை, அறுபது பாகை, தொண்ணூறு பாகை
என்கிற டொச் எனக்கு அத்துப்படி.
"கை நடுங்குதா, தலை சுத்துதா" என்கிற டொச்
அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.
சீனித் தண்ணி கையால் ஏறிற்று.
மணிக்கொருதரம் விரலில் ஊசி.
நான் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில்
பழைய மஞ்சள் கறை ஒன்று.
முதலே ஊறப் போட்டிருந்தால் போயிருக்கும்.

அவர் பக்கத்தில்,
இரண்டு சப்பாத்தும் கால் மாறி,
"என்ரை குளிசை உனக்கெதுக்கு?" என்று
மூன்று தரம் கேட்டார்.
கோபமில்லை.
பயம் வந்தால் அவர் கணக்குத்தான் கேட்பார்.

விடிந்ததும் நேர்ஸ் ஃபபியேன் சொன்னபடி
வீட்டிலிருந்த எல்லாவற்றையும்
ஒரு கடைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தார்.
கொழும்பிலிருந்து யாரோ கொடுத்துவிட்ட நோக்குளிசை,
ஆறு வருடத்துக்கு முதலே திகதி முடிந்த இருமல் பாணி,
செத்துப்போன மச்சாளின் நித்திரைக் குளிசை
(அதை ஏன் வைத்திருந்தேன் என்று
நான் இங்கே எழுதப்போவதில்லை),
பெயரில்லாத தகட்டுத் துண்டுகள்.
ஃபபியேன் மேசையில் பரப்பினாள்,
சோழி பார்க்கிறவள் மாதிரி.
பாதிக்கு மேலே திரும்பி வரவில்லை.

இப்போது இரண்டு டின், இரண்டு அறை.
அவர் தன்னுடையதில் கறுப்புப் பேனையால்
மீசை கீறியிருக்கிறார்,
இருபத்தைந்து வயதில் வைத்திருந்த மீசை.
என்னுடையதில் சிவப்பாய் ஒரு பொட்டு.
அதையும் அவர்தான் வைத்தார்,
கொஞ்சம் கோணல்.

இரவில் லைட் போடுகிறேன்.
அவர் முனகுகிறார்.
முனகட்டும்.