ஏழாவது பாட்டு

கம்மனஹள்ளியில், மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மேலே
என் ஸ்டுடியோ.
முட்டை அட்டை ஒட்டிய சுவர்,
கீழே காயில் கருகினால் மேலே ஏறி வரும் வாசம்,
நல்ல மைக் என்று ஒன்றே ஒன்று.

இது அவர்கள் சேர்ந்து போடும் ஆல்பம்.
சேர்ந்து என்பது அட்டையில்.
குணசீலன் மர்பி டவுனிலிருந்து செவ்வாய்க்கிழமை வருவார்,
மேவிஸ் லிங்கராஜபுரத்திலிருந்து வியாழக்கிழமை.
நடுவில் புதன் எனக்கு,
இரண்டு குரலையும் பக்கத்தில் பக்கத்தில்
உட்கார வைத்துப் பழக்க.

பதினெட்டு வருஷம் ஒரே மைக்கில் பாடியவர்கள்.
கிளப்புகளில் டிசம்பர், ஒயிட்ஃபீல்டில் கல்யாணங்கள்,
பிரிகேட் சாலையில் ஒரு பப், இப்போது செருப்புக்கடை.
சண்டை ஒரு தொப்பியால் என்கிறார் குணசீலன்.
நாலாயிரம் ரூபாயால் என்கிறார் மேவிஸ்.
தொப்பியின் விலையே அதுதானா என்று கேட்க
எனக்குத் தைரியமில்லை.

கன்ட்ரி என்றால் குதிரை வேண்டும், ரயில் வேண்டும்,
தூரத்தில் யாராவது காத்திருக்க வேண்டும் என்பார்கள்.
இவர்களிடம் இருப்பது
அத்திப்பள்ளி செக்போஸ்டில் இரவெல்லாம் நிற்கும் லாரி,
மார்ச் மாதத் தண்ணீர் டேங்கர்,
ராமமூர்த்தி நகரில் இரண்டாவது மாடியில்
ஹவுஸ் ஓனருக்குப் பயந்து குரைக்காத நாய்.
பாதி இங்கிலீஷ், பாதி தமிழ்,
வசவு மட்டும் கன்னடம்.

என் வேலை மூச்சு வெட்டுவது.
மேவிஸின் மூச்சு சின்னது,
கேஸை மூடினோமா என்று திடீரென நினைத்துக்கொண்ட மாதிரி.
குணசீலனுடையது நீளம்,
சிவாஜிநகர் பஸ்ஸை ஓடிப் பிடித்த மாதிரி.
நீளத்தைக் கொஞ்சம் நறுக்கி, சின்னதைக் கொஞ்சம் இழுத்து
ஒரே நேரத்தில் இருவரையும் வாய் திறக்க வைத்தேன்.
ஆறு பாட்டு இப்படி.
கேட்டால் முகம் பார்த்துப் பாடியதாகத் தோன்றும்.
வேறெந்தப் பொய்யையும்
இவ்வளவு சுத்தமாக நான் சொன்னதில்லை.

ஏழாவது, டேங்கர் பாட்டு.
ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேவிஸ் சொன்னார்:
"அந்தாள் சத்தத்தைக் குறை."
குறைத்தேன்.
"இன்னும்."
குறைத்தேன்.
இரண்டு முறை பாடி, இரண்டு முறையும் தப்பி,
"கொஞ்சம் கூட்டு" என்றார்.
பிறகு,
"என்னை எடுத்துடு. கிட்டாரையும்.
அவரை மட்டும் போடு."

அந்தாள் அவரானதை
கவனித்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

வெறும் குரலாக வந்தார் குணசீலன்.
பல் கட்டியதிலிருந்து அவருடைய 'ச' லேசாக விசிலடிக்கிறது.
மேலே போகும் இடத்தில் ஒரு சறுக்கல்.
மூன்றாவது சரணத்தில்
வாளியை எடுத்துக்கொண்டு ஓடச் சொல்லும் வரிக்குப் பின்
நின்றுவிட்டார்.
நாலு விநாடி.
வார்த்தை மறந்துவிட்டது போல என்று
செவ்வாய் இரவே நான் சிவப்பில் குறித்த இடம்.
மேவிஸின் விரல் மேஜையில் தட்டியது,
ஒன்று, இரண்டு, மூன்று,
நாலாவதில் அவர் திரும்ப வந்தார், துளி பிசகாமல்.

"அது நான் வர்ற எடம்" என்றார் மேவிஸ்.

பாடுங்கள் என்றேன்.
பாடவில்லை.
ஹெட்போனைக் கழற்றி, வயரை நிதானமாகச் சுற்றி வைத்து,
"அப்படியே விடு" என்று படியிறங்கிப் போனார்.
கீழே மிக்ஸிக்காரரிடம்
ஒரு ஜார் மூடிக்கு விலை கேட்டது மேலே கேட்டது.

விட்டேன்.
அந்த நாலு விநாடியில் ஒரு மூச்சுகூட ஒட்டவில்லை.
நல்ல ஹெட்போன் இருந்தால்
நிஜமாகவே ஒரு டேங்கர் பின்வாங்குவதும்
தெருவில் யாரோ 'பர்லி, பர்லி' என்பதும் கேட்கும்.

முடித்து அனுப்பியதைக் கேட்டுவிட்டு
குணசீலன் ஃபோன் செய்தார்.
"ஏழுல ஓட்டை விழுந்திருக்கே. மிஸ்டேக்கா?"
"இல்லை சார். அது அவங்க பாடினது."
அவர் வீட்டில் குக்கர் இரண்டு விசில் விட்டது.
"அட்டையில யார் பேரு மொதல்ல?"
"அவங்க பேரு, சார்."
"இருக்கட்டும். மீதிப் பணம் வெள்ளிக்கிழமை தர்றேன்.
தொப்பி போட்ட படம் மட்டும் வேணாம்னு சொல்லிடு."