கேட்டதை எழுதுதல்

மட்சாலு வளைகுடாவில் மே பிறந்துவிட்டால்
இருட்டு அரைநாள் வேலைக்குத்தான் வரும்.
நாலரைக்கெல்லாம் நாணலின் தலைகள் தெரிந்துவிட்டன.
இரவு முழுக்க ரொட்டிக்கூடத்தில் மாவு பிசைந்த கையோடு
நான் போய்ச் சேர்ந்தேன்.
ஹெல்யே பள்ளிப் பேருந்திலேயே வந்திருந்தாள்,
ஏழரைக்குள் முதல் பிள்ளையை ஏற்றியாக வேண்டுமாம்.

கோபுரத்தின் மரப்படிகளில் உறைபனி.
மூன்றாவது படி ஆடும், பார்த்து, என்றாள்.
போன வருடமும் இதையேதான் சொன்னாள்.
எங்கள் பழக்கம் அவ்வளவுதான்:
வருடத்துக்கு ஒரு விடியல்,
ஒரு தாள், ஒரு பென்சில், ஃபிளாஸ்கில் காபி.
அவள் வீட்டில் யார் யார் என்று எனக்குத் தெரியாது.
குருகு கத்தினால் இடது சுட்டுவிரலைத் தூக்குவாள்,
அது தெரியும்.

தண்ணீர் வெளுத்தது.
நாமக்கோழி பதினேழு, என்றாள்.
பதினெட்டு, என்றேன், ஒன்று முங்கியிருக்கிறது.
கொண்டை ஆட்காட்டி தன் பெயருக்குப் பழுதில்லாமல்
சதுப்பு முழுக்க எங்களைக் காட்டிக்கொடுத்தது.
நீலச்சிறகிகள் நான்கு பதறி எழுந்து, வட்டமடித்து,
இந்த இரண்டு பேர்தானா என்பதுபோல்
அதே இடத்தில் இறங்கின.

அப்போது கோபுரத்தின் அடியிலேயே,
துப்பினால் விழும் தூரத்தில்,
வெட்டுக்கிளிக் கதிர்க்குருவி தொடங்கியது.
மீனே மாட்டாத தூண்டிலின் உருளையை
யாரோ சுற்றிக்கொண்டே இருப்பதுபோல்
மூச்சு வாங்காமல் ஒரு மெல்லிய கம்பிச் சத்தம்.
ஒரு நிமிடம். இரண்டு.
பென்சிலை வைத்துக்கொண்டு அவள் சொல்லக் காத்திருந்தேன்.
கேட்டது அவள் பத்தி, கண்டது என் பத்தி,
பதினோரு வருட ஏற்பாடு.

அவள் தொலைநோக்கியைச் சட்டைநுனியால் துடைத்தாள்.
"என்ன, இன்றைக்கு இவ்வளவு அமைதி?"

கதிர்க்குருவி நிறுத்தவில்லை.

சொல்ல வாயெடுத்தேன்.
அவளுக்கு அந்த அமைதி பிடித்திருந்தது,
முகத்திலேயே தெரிந்தது.
இருபத்திரண்டு வருடம்
டீசல் இன்ஜினுக்குப் பக்கத்து இருக்கை.
போன வருடத் தாளில் இந்தக் கட்டம் காலி;
குளிர் விடவில்லை, வந்திருக்காது என்று
நாங்களே காரணமும் எழுதினோம்.
நான் அன்று காதையே கொடுக்கவில்லை,
அவள் காது இருக்கிறதே என்று.

தெற்கே, நாணலின் வயிற்றுக்குள்ளிருந்து,
காலிப் பாட்டிலின் வாயில் ஊதியதுபோல்
குருகு.
அவள் விரல் எனக்கு முன்பே எழுந்துவிட்டது.
கிழக்கே இன்னொன்று, என்றாள்.
நான் மூச்சைப் பிடித்தேன்.
ஆமாம். இருந்தது.
எங்கள் மொழியில் அதற்கு ஹ்யூப் என்று பெயர்.
எப்போதோ யாரோ
கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறே முக்காலுக்குக் கையெழுத்துப் போடத் தாளை வாங்கினாள்.
அவள் பத்தியில், என் கையெழுத்தில்,
கதிர்க்குருவிக்கு நேராக ஒரு சின்ன 1.
அழுத்தாமல்தான் எழுதியிருந்தேன்.
"எங்கே?"
கீழே காட்டினேன்.
கைப்பிடிக் கட்டையில் வயிறு படிய
வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.
காய்ந்த நாணல் ஒன்றின் நடுவில்
மண்நிறத்தில் கட்டைவிரல் அளவு பறவை,
அலகு திறந்தே இருந்தது,
தொண்டை நடுங்கியது, வால்நுனி வரை நடுங்கியது.
"எப்போதிலிருந்து?"
"ஒரு மணி நேரமாக."
ம், என்றாள்.
ரப்பரை எடுத்து அந்த 1-ஐ அழித்தாள்.
என் பத்திக்கு நகர்ந்து,
கண்டது என்பதன் கீழே
அழுத்தி எழுதினாள்.

மூன்றாவது படி, என்றேன் இந்த முறை நான்.
தெரியும், என்றாள்.

பேருந்து கிளம்பிப் போன பிறகுதான் பார்த்தேன்,
நாமக்கோழி பதினேழா பதினெட்டா என்று
நாங்கள் முடிவே செய்யவில்லை.