கழிவு

வரைபடம் சும்மா கிடைத்தது.
எந்த நாட்டுக்காரனோ போட்டுவைத்திருந்தான்,
யாரும் எடுத்துக் கட்டலாமென்று.
மற்றதெல்லாம் விலை.
டொலர் ஏறிய வருஷம்
ஓர் அலுமினியக் குழாய்
நான் தைக்கும் பன்னிரண்டு பாவாடை.
பிரதாபன் பாதியை மூங்கிலுக்கு மாற்றினான்,
மீதியைத் தள்ளிப்போட்டான்.

பழைய ஹீட்டர் கம்பியைப் பழுக்கவைத்து
நுரைப்பலகையில் இறக்கைக்கு விலா அறுத்தான்.
அட்டனில் ஒரு பையன்
போன் கவர் அச்சடிக்கும் மெஷினில்
கப்பியும் பிணைச்சலும் இரவுக்கொன்றாக அடித்துத் தந்தான்,
கரண்ட் போன இரவுகளில் பாதி பாதியாக.
எஞ்சின், நோர்வூட் வளைவில் மதிலோடு மோதிய பைக்கினுடையது.
ஓட்டியவன் பிழைத்துக்கொண்டான்;
கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்கினோம்.

என் பங்கு துணி.
திரைச்சீலைப் பொலியெஸ்டர், முப்பத்தெட்டு யார்.
தைத்துப் போர்த்தி
அயன்பெட்டியை மெல்ல நகர்த்தினால்
சுருங்கி இறுகும்; விரலால் சுண்டினால்
தப்பு மாதிரிப் பேசும்.
சூடு கூடிப்போன ஓரிடத்தில் ஓட்டை.
ஒட்டுப்போட்டது இன்னும் தெரிகிறது,
பள்ளிக்கூடச் சட்டையின் முழங்கை போல.

ஆனால் எடை.
எங்கள் மேட்டுக் காற்று மெலிசு.
காற்றாடி எவ்வளவு கடித்தாலும்
வாயில் கொஞ்சம்தான் அகப்படும்.
கடையில் விற்கும் சாமானோ
எடை குறையக் குறைய விலை கூடும்.
காசில்லாமல் குறைக்க ஒரே வழி
ஓட்டுகிற ஆள்.
பிரதாபன் எழுபத்தொன்று.
நான் நாற்பத்துமூன்று.
அப்படித்தான் நான் விமானி ஆனேன்.

நிறுக்க எங்கே போவது?
ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து மடுவத்துத் தராசில்
துண்டு துண்டாகத் தொங்கவிட்டோம்.
இறக்கை இரண்டும் தனித்தனி, வால், எஞ்சின்,
கடைசியாக வெறுங்கூடு.
கணக்கப்பிள்ளை ராமபத்திரன் கூட்டிச் சொன்னார்:
நூற்றுப்பதினாறு.
பிரதாபன் துள்ளினான்.
நான் கொப்பியை வாங்கிப் பார்த்தேன்.
ஒவ்வொரு வரியிலும் ரெண்டு கிலோ கழிவு,
சாக்குக்கும் ஈரத்துக்கும்.
"சாக்கு எங்கே?" என்றேன்.
அவர் தன் கையைப் பார்த்தார்.
கை தன்பாட்டில் எழுதியிருந்தது.

தையல் மெஷின் வாங்குமுன் ஆறு வருஷம்
இதே தராசின் முன்னால் நின்றிருக்கிறேன்.
வாய் திறந்ததில்லை;
மறுநாளும் முழுப்பேர் விழ வேண்டுமே.
அன்றைக்குத் திறந்தேன்.
"அந்தப் பத்துக் கிலோவையும் சேருங்க.
அதில ஏறி இருக்கப்போறது நான்."

நூற்று இருபத்தாறு.
இறக்கையின் அடிமூங்கில் இரண்டையும்
மொத்தமானதாக மாற்றவேண்டி வந்தது.
அது இன்னுமொரு ஒன்றரைக் கிலோ, மூன்று வாரம்.

தட்டை நிலம் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.
இங்கே மைதானமே சரிவு,
பந்தை ஓங்கி அடித்தால் கீழ்லயத்துத் தகரத்தில் விழும்.
மாசி முடிவில்,
அணைக்கட்டில் நீர்மட்டம் எழுதும் சுனெத் செய்தி அனுப்பினான்:
மவுஸ்ஸாக்கலை இறங்கிவிட்டது.
அடிநிலம் வெடித்து வெயிலில் கிடக்கிறது,
சித்திரை மழைவரை வாடகை இல்லை.

கொழும்புக்கு எழுதிய கடிதத்துக்கு
பரிசீலனையில் உள்ளது என்று பதில்.
அதனால் தரையில் ஓட்டிப் பார்க்க மட்டும்
என்று பேசிக்கொண்டோம்.
பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காலை ஆறரை. பனி அரைவாசி எழும்பியிருந்தது.
எஞ்சின் இருமியது, பிறகு பிடித்தது.
தொடையில் ரப்பர்பட்டியால் கட்டிய போனில்
வேகம் ஏறியது,
நாற்பத்தெட்டு, ஐம்பத்துமூன்று,
நில வெடிப்புகளில் பல்லெல்லாம் கடகடத்தது.
பிறகு கடகடக்கவில்லை.
அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
கீழே பார்க்கலாம் என்று நினைப்பதற்குள்
மறுபடி கடகடத்தது.

முழங்கால் உயரம் என்றான் சுனெத்.
இடுப்புக்கு மேலே என்று பிரதாபன் சண்டைக்கு நின்றான்.
நான் தையல்காரி.
சில்லுத் தடம் அறுந்த இடத்திலிருந்து
திரும்பத் தொடங்கிய இடம்வரை
குனிந்து குனிந்து நாடாவை வைத்து அளந்தேன்.
இருபத்தாறு நாடா,
மேலே ஒரு சாண்.

அந்தச் சாணையும் எழுதினேன்.