விலை

அலமாரி மேல்தட்டில், கம்பளிக் காலுறைகளுக்குப் பின்னால்
அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்.
கடற்கழுகுக்கென்று வாங்கியது.
நான்கு வருடத்தில் எடுத்தவை:
எதிர்வீட்டு ஆண்டெனா, நிலா, மறுபடி நிலா,
சோல்விதாவின் நாய், அதுவும் முதுகு மட்டும்.

எண்ணூறு யூரோ என்று போட்டேன்.
அன்றே மூன்று பேர் கேட்டார்கள்.
பயந்துபோய்த் தொள்ளாயிரம் ஆக்கினேன்.
பிறகு ஆயிரத்து நூறு.
யாரும் கூப்பிடாத அந்த மூன்று வாரமும்
லீபாயாவில் நல்ல வெயில்.

இன்று ரைமொண்ட்ஸ் என்று ஒருவன்.
பேரமே பேசவில்லை.
கழுகுக்கா என்றேன்.
இல்லை, சன்னலிலிருந்து
கப்பல்களின் பெயர் படிக்க என்றான்.
ஆறு மணிக்கு வருவான்.

இப்போது ஐந்தேகால்.
பெட்டி, ரசீது, தோள்வார்
எல்லாம் மேசைமேல்.
அவன் கேட்காத என் கேமரா பாட்டரி
சார்ஜில் கிடக்கிறது.
நாற்பத்தொரு சதவீதம்.