அளவுநாடா

கிணற்று மூடியைத் திறக்கவே கால்மணி நேரம்.
பூட்டின் வயிற்றில் பனி.
சோய்ஜில் தன் குடுவையைச் சாய்த்து
உப்புத் தேநீரில் ஒரு மிடறு அதற்கும் ஊற்றினான்.
"வாங்கிக்கொள்ளாமல் எதுவும் வாய் திறக்காது."

சுழியத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.
தூல் நதி மேலே கல்லாய்க் கிடக்கிறது.
அடியில், கூழாங்கற்களின் இடுக்கில்,
சத்தம் காட்டாமல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.
உலான்பாட்டர் குடிப்பது அந்த நடையைத்தான்.

நாடாவை இறக்குகிறேன்.
நுனி நீரைத் தொட்டால் கருவி கூவும்.
ஐந்து மீட்டர். போன குளிர்காலத்தில்
இங்கே கூவியது.
ஆறு.
இந்தக் குளிரில் யாரும் அணைக்காத வண்டியை
சோய்ஜில் அணைக்கிறான்,
இரைச்சலில் தவறவிட்டோமோ என்று.
ஏழு மீட்டர் பன்னிரண்டு.
அப்போதுதான் ஒரு கீச்சு.

பேனா உறைந்துவிட்டது. பென்சிலால் எழுதுகிறேன்.
பென்சிலில் எழுதிய எண்களை
எங்கள் அலுவலகத்தில் சிலருக்கு மிகவும் பிடிக்கும்.

கணினியில் இந்தப் பள்ளத்தாக்கு
பன்னிரண்டாயிரம் சதுரங்கள்.
ஒவ்வொன்றின் வழியாகவும் நீர் எவ்வளவு விரைவாய்ப் போகும்
என்று நான் சொல்லியாக வேண்டும்.
துளையிட்டுப் பார்த்தது நாற்பது இடங்களில்.
மற்றதெல்லாம்
பக்கத்துச் சதுரத்தைக் கேட்டு எழுதியது.
வதந்தியும் இப்படித்தான் பரவுகிறது,
ஆனால் வதந்திக்கு யாரும் கையெழுத்துப் போடுவதில்லை.

துணை இயக்குநர் லுவ்சன்தோர்ஜ் கேட்டார்:
"இருப்பு எத்தனை ஆண்டுக்கு வரும்?"
மாவு மூட்டையில்லை ஐயா, இது மந்தை என்றேன்.
எத்தனை குட்டி பிழைக்கும்,
எத்தனையைக் குளிர் தின்னும்,
அது போகத்தான் கத்தி.
அவர் மேய்ப்பர் வீட்டுப் பிள்ளை. நெடுநேரம் பேசவில்லை.
பிறகு வரைபடத்தின் சிவப்புக் குழியைத் தொட்டு,
"பெண்ணாடுகளை அறுத்தது யார்?"

நாம்தான்.
ஆறு பம்புகள், இரவும் பகலும்.

இரண்டை நிறுத்தலாம் என்று முடிவாயிற்று.
எந்த இரண்டு என்பதில்
ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை:
வடக்குச் சரிவுக்குப் போகும் குழாயை அடைப்பது எளிது,
ஒரே திருகு.

வடக்குச் சரிவில் கூடாரங்கள், பலகை வேலிகள்,
நிலக்கரிப் புகை.
தண்ணீர்ச் சாவடியில் புந்த்சக்மா
சில்லறையை வாங்கிக் குழாயைத் திறக்கிறாள்.
தன் உயரத்தில் பாதி வரும் கேனை
சக்கரப் பலகையில் கட்டி
ஒரு பையன் ஏற்றத்தில் தள்ளிப் போகிறான்.
ஆளுக்கு ஒன்பது லிட்டர், ஒரு நாளைக்கு.
அதை நான்தான் எண்ணினேன்.
என் ஆறாம் மாடியில்
வெந்நீர் வரும்வரை நான் ஓடவிடுவதே
அதைவிட அதிகம்.
அதையும் எண்ணினேன். அறிக்கையில் சேர்க்கவில்லை.

மறுநாள் சேர்த்தேன்.

பரிந்துரை நான்கு, திருத்தப்பட்டது:
அடுக்குமாடிகளுக்கு இரவு அழுத்தம் குறைக்கப்படும்.
சாவடிகளில் கை வைக்கக் கூடாது.
மூன்று வாரம் மேசைக்கு மேசை அலைந்து
எப்படியோ முத்திரையோடு வந்தது.

பத்து மணிக்கு மேல் என் குழாய் இருமுகிறது.
எதிர்வீட்டு ஓயுன்பிலெக்
தலை நிறைய நுரையோடு கதவைத் தட்டினாள்:
"எந்தப் படுபாவி வேலை இது, தெரியுமா உனக்கு?"
கெட்டிலில் மிச்சமிருந்ததை
அவள் தலையில் ஊற்றிக்கொண்டே
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல்.
பூட்டு தொட்டவுடன் திறந்தது.
நதி இன்னும் இளகவில்லை;
இந்த மாதத்தில் கிணறு எப்போதும்
மேலும் இறங்கியே இருக்கும்.
நாடா இறங்கிற்று, கூவிற்று.
ஏழு மீட்டர் ஒன்பது.

"மூன்று சென்டிமீட்டர்!" என்றான் சோய்ஜில்,
கன்று ஈன்ற செய்திபோல.
நாடாவின் பிழையே இரண்டு என்றேன்.

அவன் முகம் சுருங்குவதைப் பார்த்தபடி
மீதமிருந்த ஒன்றைப்
பேனாவால் எழுதினேன்.