திக்கல்

டோல்கேட்டில் எனக்கு ஏழாம் லேன், இரவுப் பணி.
கம்பி உயர்ந்தால் ஒரு பீப்.
அட்டை படிக்காத வண்டிக்கு இரண்டு.
அதற்குப் பின் ஓட்டுநரின் வசவு,
சில நாள் மராத்தியில், சில நாள் ஒடியாவில்.
எல்லாம் என் போனில் இருக்கிறது.

பன்னிரண்டு சக்கர லாரி பிரேக்கை விடுகிற பெருமூச்சு
(அதைத் தாளத்தில் உட்காரவைக்க எட்டு மாதம்),
கே.ஆர்.பி. அணையோரக் கடையில்
மீன் எண்ணெயில் விழுகிற கணம்,
கிரானைட் பட்டறை ரம்பம்
தண்ணீர் பட்டதும் குரல் இறங்குவது.

போதாது என்று போனே சொல்லிவிட்டது:
சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.
மாங்காய் சீசனில் பிடித்த டெம்போக்களை அழித்தால்தான்
மழையைப் பிடிக்கலாம்.
அழிக்க மனம் வரவில்லை.
மழை பெய்துவிட்டுப் போய்விட்டது.

ஐம்பதாயிரம் சேர்ந்தது.
அதில் பாதி, பரிமளா அக்காவிடம் தள்ளி எடுத்த சீட்டு.
"லேப்டாப் எதுக்குடி?"
"லாரி சத்தத்துக்கு."
"அதத்தான் தினமும் ஓசியில கேக்கிறியே."

ரவுண்டானா தாண்டி, மாடிப்படிக்குக் கீழே
தஸ்தகீர் கடை.
முதலில் எடுத்து வைத்தது
கீபோர்டில் வானவில் எரிகிற ஒன்று.
கேம் ஆடுவீங்களா? இல்லை.
ஆபீஸ் வேலையா? இல்லை.
வீட்ல பையனுக்கா?
இல்லைங்க. மேலே ஓடுற ஃபேனை
ஒரு நிமிஷம் நிறுத்துங்க.

குனிந்து அதன் விலாவில் காது வைத்தேன்,
தேங்காயைத் தட்டிக் கேட்பவள் மாதிரி.
வீடியோவைத் திறந்ததும் உள்ளே ஒரு மாவு மில் ஓடியது.
என் மைக் பக்கத்தில் இருக்கையில்
இதுவும் கூடப் பாடும். வேண்டாம்.

அடுத்தது மெல்லிசு, வெள்ளி நிறம்.
மூச்சே விடவில்லை.
விலையைக் கேட்டதும் நானும் விடவில்லை.

மூன்றாவது நாற்பத்தோராயிரம், எட்டு ஜிபி.
பென் டிரைவைச் செருகினேன்.
முப்பத்துநான்கு தடங்கள்,
மழைக் கண்ணாடி வழியாகப் பின்விளக்குகள் ஒன்பது நிமிடம்.
சிவப்பு கொஞ்சம் செங்கல் நிறத்தில் தெரிந்தது.
"லாரி பின்னாடி லைட்டுதானேம்மா" என்றார்.
லாரியின் பின்னால் ஏழு சிவப்பு இருக்கிறது.
சொல்லவில்லை. அதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

பதினோராவது தடம் வரை ஓடியது.
பிறகு திக்கியது.
பீ. பீபீ. பீ.
லாரியின் பெருமூச்சு பாதியில் அறுந்து
மறுபடி தொடங்கி, மறுபடி அறுந்து,
மீன் எண்ணெயில் விழாமல் விழுந்துகொண்டே இருந்தது.
திரையில் ஒரு சிவப்பு உறைந்து நின்றது.
சத்தம் மட்டும் அதைத் தாண்டித் தடுமாறிப் போனது.
மூலையில் சார்ஜர் பின்னைப் பற்றவைத்துக்கொண்டிருந்த முனிராஜ்
நிமிராமலே
குதிகாலால் தரையைத் தட்ட ஆரம்பித்தான்.

தஸ்தகீருக்கு வெட்கம்.
"மெமரி பத்தலம்மா, நிறுத்திடறேன்."
"நிறுத்தாதீங்க!"

போனை எடுத்தேன். சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.
டெம்போ மூன்று, டெம்போ நான்கு,
சந்தூர் மேட்டில் கியர் மாற்றித் திணறிய டெம்போ ஆறு,
யோசிக்காமல் அழித்தேன்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி கிடைத்தது.
எட்டு மாதமாக நான் நேராக்கி வைத்ததை
ஒரு ஏழை மிஷின் கோணலாக்கி,
கோணலில்தான் அது நடந்தது.

அதையே வாங்கினேன்.
இன்னொரு எட்டு ஜிபி, ஐயாயிரத்து இருநூறு.
முதுகைத் திறந்து சில்லைப் பதித்தார்.
திரும்பப் போட்டோம்.
முப்பத்துநான்கும் தடங்கலில்லாமல், சமர்த்தாக ஓடின.
முனிராஜின் கால் நின்றுவிட்டது.

"இதை வேணும்போது கழட்ட முடியுமாங்க?"
"கழட்டவா? எதுக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை.
சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும்
சேர்த்துப் பில் போடச் சொன்னேன்.
முப்பது ரூபாய்.