காற்று இலவசம்

கழற்றப் போனபோதுதான் பார்த்தேன்,
ஆணி இரண்டும் எப்போதோ கரைந்துவிட்டன.
துருக்கறையில்தான் தொங்கியிருக்கிறது
இவ்வளவு காலமும்.

பாலைப் பலகை. உடைந்த வண்டிலின் அடித்தட்டு.
வயிரவநாதன் சைக்கிள் ஒட்டு.
கீழே, சின்னதாய்:
காற்று இலவசம்.

இப்போது அதில் நாற்பத்தொரு ஓட்டை.
உளு, தன்பாட்டில், எல்லா எழுத்துக்கும்
புள்ளி குத்தி வைத்திருக்கிறது.
அதன்படி வாசித்தால்
வ்ய்ர்வ் என்று வாய் திக்கும்.
ஐயா வைத்த புள்ளிகள் ஆறு.
பழுக்கக் காய்ச்சிய ஸ்போக் கம்பியால் சுட்டவை,
ஊசியால் கிண்டினால்
உள்ளே இன்னும் கரி.
மற்றதெல்லாம் மாவாய்க் கொட்டும்.
ஒன்று மட்டும் சாய்வாய்ப் புகுந்து
மறுபக்கம் போகிறது.
அதை இரண்டு கணக்கிலும் சேர்க்கவில்லை.

சுவிசிலிருந்து தம்பி:
“பிளெக்ஸ் அடி அக்கா, நான் காசு போடுறன்.
ஐயாவின்ர படமும் வைக்கலாம்.”
படத்தில் அவர் கலியாண வேட்டியோடு நிற்கிறார்.
அந்த ஆளிடம் யார்
ரியூப் ஒட்டக் குடுப்பினம்?

ஒட்டுசுட்டான் மரக்காலையில் முதிரை வாங்கினேன்.
ரசீதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்,
வழியில் மறித்தால் காட்ட.
சீமெந்துப் பையின் உள்தாளை
பழையதன் மேல் விரித்துக் கரியால் தேய்த்தேன்.
பெயர் வந்தது. ஒட்டு வந்தது.
விலை இருந்த இடத்தில் மட்டும்
தாள் உள்ளே விழுந்து கிழிந்தது.
இரண்டு ரூபா, ஐந்து, பத்து, இருபது,
ஒவ்வொரு முறையும் பழைய இலக்கத்தை வழித்து
அதே குழிக்குள் புதியதை வெட்டியிருக்கிறார்.
ஒரு சிரட்டை அளவு ஆழம்.
புதியதில் அந்த இடத்தை வெறுமையாய் விட்டேன்,
வெண்கட்டி போதும்.

பின்பக்கம் அம்மாவுடையது.
குறுக்கும் நெடுக்கும் கத்திக் கோடு.
மாத்தளனில், தறப்பாளுக்குக் கீழே,
நறுக்க அப்படி என்ன இருந்ததென்று கேட்டால்
“ஏதோ இருந்தது” என்கிறா.
அந்தப் பக்கத்தை நான் தொடவில்லை,
தாளும் வைக்கவில்லை.

ஐயா இடக்கையர்.
அவருடைய வெட்டு விழுகிற பக்கம்
என் கைக்கு வராது.
‘யி’யிலேயே உளி இரண்டு தரம் சறுக்கியது.
பிறகு பலகையைத் தலைகீழாய்த் திருப்பினேன்.
எழுத்துகள் எழுத்தாக இல்லாமல் போனதும்
கை ஓடத் தொடங்கியது.
சுழி, வளைவு, கொம்பு,
என்னவென்று தெரியாத ஒரு கால்.
பின்னேரம் நிமிர்த்திப் பார்த்தால்
வயிரவநாதன்,
கொஞ்சம் வெறித்தவர் மாதிரி,
ஆனால் அவர்தான்.

இரண்டாவது வரியில் நின்றேன். மூன்று நாள்.

அவருக்கென்ன, கைப்பம்.
ஒரு காலால் மிதித்துக்கொண்டு
பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில்
றோட்டே சைக்கிளில் போக,
சும்மா அடித்துவிட்டார். வேர்வை அவருடையது.
என்னுடையது கொம்பிரசர்.
போன மாதக் கரண்ட் பில்
இன்னும் ரேடியோவுக்குக் கீழே கிடக்கிறது.
வாசல் முழுக்க மோட்டார்சைக்கிள், லான்ட்மாஸ்டர்.
அந்த வரியை விட்டால் யார் கேட்கப் போகினம்?
ஒருவரும் கேட்காயினம்.
அதுதான் மூன்று நாளும்.

நாலாம் நாள் வெட்டினேன்.
கடைசி ‘ம்’மின் புள்ளிக்குக் கம்பியைக் காய்ச்சினேன்.
முதிரை புகைந்து கண் எரிந்தது.

கொளுவி ஒரு மணித்தியாலம் இல்லை.
மாங்குளம் பக்கமிருந்து வந்த மணல் லொறி
ஓரங்கட்டி நின்றது.
சாரதி இறங்காமலே
பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தான்.
“அக்கா, லொறிக்குமா?”

அவனைப் பார்த்தேன். பலகையைப் பார்த்தேன்.
பிறகு சில்லுகளை எண்ணினேன்.
ஆறு.

“முன் சில்லு ரெண்டுக்கும்” என்றேன்,
குழாயை இழுத்துக்கொண்டு.
“பின்னுக்குக் காசு.”